தீவைப் பேசுகிறார்கள், கரையை மறக்கிறார்கள்

பினாங்கு கெடாவுக்கே சொந்தம் என்று மந்திரி பெசார் சனுசி திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார். நீதிமன்றம் வரை போவோம் என்றும் கெடா அரசு அறிவித்தது. அரசமைப்புச் சட்டப்படி பினாங்கு தனி மாநிலம் என்று பினாங்கு அரசு பதில் தந்தது. 1957இல் விடுதலையோடு தீர்ந்துபோனதை 1786க்கு இழுத்துப் போவது வீண் வேலை. சனுசிக்கு அதற்கு மேல் பதில் தேவையில்லை.

எரிச்சல் வருவது வேறொன்றில். 'பினாங்கு' என்று சொல்லும்போது இரு தரப்பும் ஜார்ஜ்டவுனைத்தான் மனத்தில் வைத்திருக்கின்றன. எதிர்க்கரையில் கெப்பாலா பத்தாஸில் உட்கார்ந்து இந்தச் சண்டையைக் கேட்பவர்களுக்கு அது உறைக்காமல் போகாது. ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்காக நடந்த ஒவ்வொரு போரின் முடிவும் எதிர்க்கரையான செபராங் பிறையில்தான் எழுதப்பட்டது.

1786 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் தீவில் கொடியேற்றினார். சயாமுக்கு எதிராகப் படை உதவி கிடைக்கும் என்று நம்பித்தான் கெடா சுல்தான் அப்துல்லா இடம் கொடுத்தார். உதவி வரவில்லை. சுல்தான் தீவுக்குப் போகும் உணவுப் பொருள்களை நிறுத்தினார், பிறை ஆற்று முகத்தில் படகுப் படையைத் திரட்டினார். 1791 ஏப்ரல் 12இல் லைட்டின் ஆட்கள் கடல் தாண்டி வந்து அந்தப் படையை முறியடித்தார்கள். அடுத்த மாதமே ஒப்பந்தம். தீவுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர்.

அடுத்த கணக்கை நான் எத்தனை முறை சொன்னாலும் யார் காதிலும் ஏறுவதில்லை. 1800இல் கம்பெனியின் ஜார்ஜ் லீத் எதிர்க்கரையை வாங்கினார், ஆண்டுத் தொகை 10,000 ஆனது. அதாவது துறைமுகம் வளர்ந்து நின்ற தீவுக்கு 6,000. சதுப்பும் காடுமாகக் கிடந்த கரைத்துண்டுக்கு 4,000. தீவின் விலையில் மூன்றில் இரண்டு பங்கு! கம்பெனிக்காரன் காசை இறைப்பவன் அல்ல. இந்தக் கரை பிறர் கையில் இருந்தால் தீவு பட்டினி கிடக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கெடாவிலிருந்து உணவுப் பொருள்களைத் தீர்வையின்றி வாங்கிக்கொள்ளவும் அதே ஒப்பந்தத்தில் வழி செய்துகொண்டான்.

எம்டனை மறந்துவிட்டாயா என்பார்கள். 1914 அக்டோபர் 28 விடியலில் அந்த ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யாவின் ஜெம்சுக்கையும், வெளியேறும்போது பிரான்சின் மூஸ்கேயையும் மூழ்கடித்தது உண்மை. ஆனால் அது வந்த வேகத்தில் போய்விட்டது. ஊரைப் பிடிக்கவுமில்லை, பிடிக்க நினைக்கவுமில்லை. அதைப் போர் என்று பலகை எழுதி வைப்பது சுற்றுலாத் துறைக்கு வேண்டுமானால் உதவும்.

உண்மையான சோதனை 1941 டிசம்பரில் வந்தது. கடல்வழித் தாக்குதலை எதிர்பார்த்துத் தீவின் பத்து மாவுங் குன்றில் ஆங்கிலேயர் கோட்டை கட்டியிருந்தார்கள். எதிரி வந்ததோ நிலவழி. 9ஆம் தேதி பட்டர்வொர்த் விமானத் தளத்தில் புறப்படத் தயாராக நின்ற குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானியத் தாக்குதலில் நாசமாயின. விமானி ஆர்தர் ஸ்கார்ஃபின் விமானம் மட்டும் அதற்குள் மேலெழும்பியிருந்தது. அவர் தனியாகச் சயாமின் சிங்கோரா வரை போய்க் குண்டு வீசி, படுகாயத்தோடு அலோர் ஸ்டார் அருகே இறங்கி உயிர் விட்டார். 11ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மீது குண்டு விழுந்தது. கெடாவின் ஜித்ராவில் முறிந்த 11ஆம் இந்தியப் படைப்பிரிவு மூடா ஆற்றைத் தாண்டித் தெற்கே பின்வாங்கியதும் தீவைக் காக்க எதுவும் மிஞ்சவில்லை. வெள்ளைக்காரர்கள் இரவோடிரவாகக் கிளம்பினார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மற்ற எல்லாரும் கைவிடப்பட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' ஆசிரியர், இலங்கைத் தமிழர் சரவணமுத்து. வெள்ளையர் போய்விட்டார்கள், குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் ஜப்பானியருக்குச் சொன்னவரும் அவர்தான். 19ஆம் தேதி ஜப்பானியர் தீவில் கால் வைத்தபோது எதிர்க்க ஒருவரும் இல்லை. கரை போனது, தீவும் போனது.

இன்று சோற்றின் இடத்தில் தண்ணீர். பினாங்கின் குடிநீரில் பத்தில் எட்டுப் பங்கு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. லஹார் தியாங்கில் எடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து, தீவுக்கு அனுப்புகிறார்கள். அந்த நீருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கொடு என்று கெடா கேட்டிருக்கிறது. சொந்தம் கொண்டாடுவதைவிட ஆபத்தானது இதுதான். 1791இல் சுல்தான் கையில் எடுத்த அதே ஆயுதம் இது. இதைக்கூடப் புரிந்துகொள்ளாதவர்கள் மாநில அரசின் கொம்தார் மாடியில் இருந்து வரலாறு பேசுகிறார்கள்.

மாநில நிலப்பரப்பில் பத்தில் ஏழு பங்கு செபராங் பிறை. 2020 கணக்கெடுப்புப்படி மாநிலத்தின் 17.4 லட்சம் பேரில் 9.4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கரையில் வாழ்கிறார்கள். தோட்டங்களில் உழைத்துத் தேய்ந்த தமிழர்களின் பிள்ளைகள் அவர்களில் எத்தனையோ பேர். கெடாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது போதாது. மாநிலத் தலைநகரை ஜார்ஜ்டவுனிலிருந்து எடுத்து இந்தக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். சட்டமன்றமும் முதலமைச்சர் அலுவலகமும் பட்டர்வொர்த்துக்கு வரட்டும். மூடா ஆறு பற்றிய ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் வட செபராங் பிறைக்காரர் ஒருவர் உட்காரட்டும். அடுத்த சட்டமன்றக் கூட்டத்திலேயே இதற்கான தீர்மானத்தைக் கொண்டுவருவதற்கு என்ன தடை என்பதை முதலமைச்சர் சாவ் கொன் இயோவ் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.