ஒரு பல், ஒரு முள்ளெலும்பு, ஒரு ராட்சத மீன்!

சில நாட்களாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு மீன் நீந்திக்கொண்டிருக்கிறது. கப்பலையே கவ்வும் அளவுக்கு வாய், தூண் தூணாகப் பற்கள். கீழே '100 அடி நீள ராட்சத மீன், உடனே பகிரவும்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. அதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பையன், "மாமா, இது நம்ம செஞ்சியில இருந்துச்சா?" என்று கேட்டான்.

கேள்வி சின்னது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல, செஞ்சி மலையில் கிளம்பிப் புதுச்சேரிக் கடல் வரை போக வேண்டும். வாருங்கள், போய்ப் பார்த்துவிடலாம்.

மலையில் மீன் இல்லை

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று நம் கோட்டையைத் தாங்கி நிற்கும் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. பூமிக்கு அடியில் கொதித்த குழம்பு ஆறி இறுகியவை. உலகின் முதல் மீன்கள் தோன்றியதே ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே செஞ்சிப் பாறையை எவ்வளவு உடைத்தாலும் மீன் எலும்பு கிடைக்காது. அந்தக் கல் உருவானபோது எலும்புள்ள உயிர் எதுவுமே இல்லை.

மலையை விட்டுவிட்டு ஆற்றைப் பிடிப்போம். செஞ்சிப் பக்கத்து மலைகளில் தொடங்கும் சங்கராபரணியைத்தான் நாம் செஞ்சியாறு, வராக நதி என்றெல்லாம் சொல்கிறோம். அதன் கரையோடு கிழக்கே போனால் திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மனைப் பார்க்கப் போகிறவர்கள், பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவையும் எட்டிப் பார்த்திருப்பீர்கள். மரமாக இருந்து கல்லாக மாறியவை அவை, வயது சுமார் 2 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன.

இன்னும் கிழக்கே, புதுச்சேரியை ஒட்டிய வழுதாவூர்ப் பக்கம் போனால் கதையே மாறுகிறது. அங்குள்ள பாறை, கடலடியில் சேறும் மணலும் படிந்து உருவானது. வயது சுமார் 7 கோடி ஆண்டு. டைனோசர்கள் உலவிய காலத்தின் கடைசிக் கட்டம். இன்று நெல்லும் கரும்பும் விளைகிற அந்த மண் அன்று கடல்.

1840களில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் உத்தியோகத்தில் இருந்த கே, கன்லிஃப் என்ற இருவர் இந்தப் பக்கத்துக் கற்களிலிருந்து கிளிஞ்சல், நத்தை, மீன் எச்சங்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். அதில் மீன்களைப் பற்றி மட்டும் ஃபிலிப் கிரே எகர்ட்டன் என்ற நிபுணர் 1845ல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். அவர் கையில் இருந்தவற்றில் பெரும்பகுதி சுறாப் பற்கள்.

ஆக, பையனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. செஞ்சியில் இல்லை. ஆனால் செஞ்சியாறு போய்ச் சேரும் இடத்தில் ஒரு காலத்தில் சுறாக்கள் இருந்தன.

ஏன் பல் மட்டும்?

சுறாவுக்கு நமக்கு இருப்பதுபோல் கெட்டி எலும்பு கிடையாது. உடம்பு முழுக்கக் குருத்தெலும்பு, நம் காது மடலில் இருப்பதுபோல. செத்தால் அது சீக்கிரம் மக்கிவிடும். பல் மட்டும் நிற்கும். ஒரு சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடும். எனவே உலகெங்கும் நமக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பல்தான்.

அப்படியானால் நீளத்தை எப்படிச் சொல்கிறார்கள்? கோயில் வாசலில் கிடக்கும் ஒற்றைச் செருப்பைப் பார்த்து, போட்டவர் என்ன உயரம் என்று ஊகிப்பதைப்போலத்தான். இன்று உயிரோடிருக்கும் சுறாவின் பல்லையும் நீளத்தையும் அளந்து, அதே விகிதத்தில் பழைய பல்லுக்கும் கணக்குப் போடுவார்கள். கணக்கு சரி. ஆனால் எந்தச் சுறாவோடு ஒப்பிடுகிறோம், அந்தப் பல் தாடையில் எந்த இடத்துப் பல் என்பதைப் பொறுத்து விடை பல மீட்டர் மாறும்.

அம்மிப் பல் மீன்

இதற்கு நல்ல உதாரணம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கத்துச் செம்மண் ஓடைகள், வழுதாவூரைவிடப் பழைய கடலடி. அங்கிருந்து டைக்கோடஸ் என்ற சுறாவின் பல் கிடைத்ததாக 2012ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. கூரான பல் அல்ல. தட்டையாக, மேலே வரி வரியாக, புதிதாகக் கொத்திய அம்மிபோல இருக்கும். ஓடுள்ள பிராணிகளை நொறுக்கித் தின்ன வாகான பல்.

ஐரோப்பாவில் இந்தப் பற்களை ஏறக்குறைய 200 ஆண்டுகளாகத் தெரியும். ஆனால் அந்த மீன் எப்படி இருந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தரையோடு தவழும் திருக்கைபோல இருக்கலாம் என்றுகூட நினைத்தார்கள். 2024ல் மெக்சிகோவின் வயெசியோ என்ற இடத்துச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து முழு உடம்பும் பதிந்த எச்சங்கள் பற்றிய ஆய்வு வந்தது. வேகமாக நீந்தும் சுறாவின் உடல்வாகு! வெள்ளைச் சுறாவின் வகையறா. இந்தக் குடும்பத்தின் மிகப் பெரிய மீன் 10 மீட்டரை ஒட்டி வளர்ந்திருக்கலாம் என்பது இப்போதைய கணக்கு. முன்பு சொன்னதைவிட இது குறைவு.

சுருங்கியவையும் நீண்டதும்

குறைவது புதிதல்ல. டங்கிள்ஓஸ்டியஸ் என்று ஒரு கவச மீன், சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. தலையில் கவசம் மட்டும் கிடைத்தது, உடம்பு கிடைக்கவில்லை. தலை பெரிசு, ஆகவே உடம்பும் பெரிசு என்று 8 மீட்டர், 10 மீட்டர் வரை எழுதிவிட்டார்கள். 2023ல் ரஸல் எங்கல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்குழியிலிருந்து தலையின் பின்பக்கம் வரை உள்ள அளவை எடுத்துப் புதிதாகக் கணக்குப் போட்டார். விடை, அதிகபட்சம் 4 மீட்டர் சொச்சம். குட்டையான, தடித்த மீன்.

லீட்ஸிக்திஸ் கதையும் அதே. 16 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துப் பக்கத்துக் கடலில் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்ற சாது. 27 மீட்டர் என்றார்கள் முன்பு. 2013ல் எலும்பின் வளர்ச்சிக் கோடுகளை, மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல எண்ணிப் பார்த்து, 38 வயதில் சுமார் 16.5 மீட்டர் என்று சொன்னார்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் நாயகன் மெகலடான். இவன் மட்டும் நீண்டிருக்கிறான். 1909ல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் இவனுக்கு ஒரு தாடை செய்து, அதற்குள் ஆறு பேரை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். ஓரத்திலும் பெரிய பற்களையே பதித்ததால் வாய் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது. 100 அடிக் கதைக்கு விதை அங்கே விழுந்தது. பிறகு கணக்கு 15, 18 மீட்டர் என்று இறங்கியது.

2025ல் புதுக் கணக்கு வந்தது. அதை நீங்களே கைபேசியில் போட்டுப் பார்க்கலாம். பெல்ஜியத்தில் கிடைத்த மெகலடான் முதுகெலும்பு வரிசையில் மிகப் பெரிய முள்ளெலும்பின் விட்டம் 15.5 செ.மீ. அந்த மீனின் மொத்த நீளம் சுமார் 16.4 மீட்டர் என்று மதிப்பிட்டார்கள். டென்மார்க்கில் கிடைத்த முள்ளெலும்பு ஒன்றின் விட்டம் 23 செ.மீ. 16.4 ஐ 23 ஆல் பெருக்கி 15.5 ஆல் வகுத்தால் 24.3 மீட்டர். ஏறக்குறைய 80 அடி! செஞ்சி பேருந்து நிலையத்தில் இரண்டு அரசுப் பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம்.

80 அடி நெருங்கி வந்துவிட்டதே, 100 அடியும் சரியாகத்தானே இருக்கும் என்று கேட்காதீர்கள். 80க்குப் பின்னால் ஒரு முள்ளெலும்பு இருக்கிறது. 100க்குப் பின்னால் ஒரு வாட்ஸ்அப் படம்தான் இருக்கிறது. அந்த 80கூட, இரண்டு மீன்களின் உடல்வாகும் ஒன்று என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. நாளை முழு எலும்புக்கூடு கிடைத்தால் மாறலாம்.

மூன்று கேள்விகள்

அடுத்த முறை ராட்சத மீன் செய்தி வந்தால், வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். என்ன எலும்பு கிடைத்தது? எந்த மீனோடு ஒப்பிட்டார்கள்? எந்த ஆண்டுக் கணக்கு? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாகப் பகிருங்கள். எதற்கும் இல்லையென்றால் அது வெறும் சினிமா.

இன்னொன்றும் உண்டு. திருவக்கரையிலோ வழுதாவூர்ப் பக்கமோ காரையிலோ வித்தியாசமான கல் கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். எந்த மண்ணில், எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அதன் வயதைச் சொல்லும். இடம் தெரியாமல் அலமாரிக்கு வந்துவிட்ட பல், அழகான கூழாங்கல் மட்டுமே. அருகில் ஒரு நாணயமோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் துறைக்கோ புவியியல் ஆய்வுத் துறைக்கோ சொல்லுங்கள். கல் அங்கேயே இருக்கட்டும். கே, கன்லிஃப் பொறுக்கியவை இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், எங்கே கிடைத்தது என்பதைச் சேர்த்து எழுதி அனுப்பியதுதான்.

ஊகம் எதுவும் இல்லாமல், உடம்பையே நேராக அளக்க முடிகிற ராட்சத மீன் ஒன்று இன்றும் இருக்கிறது. திமிங்கிலச் சுறா. 2001ல் அரபிக்கடலில் பிடிபட்ட ஒன்று 18.8 மீட்டர். லீட்ஸிக்திஸையும் மிஞ்சும் நீளம்! நம் வங்கக் கடலுக்கும் வருகிறது, மீனவர் வலையில் தெரியாமல் சிக்கவும் செய்கிறது. அதே 2001 முதல் இந்தியாவில் அது சட்டப் பாதுகாப்புள்ள மீன். வலை போனாலும் போகட்டும் என்று அறுத்து அதை விடுவிக்கும் மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில், நம் பேரப்பிள்ளைகள் இந்த மீனின் நீளத்தைப் பல்லை வைத்து ஊகிக்க வேண்டிய நிலை வராது என்று நம்புவோம்.