உல்லாசப் பயணமும் தோட்டத்து லயமும்

மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு என்று 1990-ல் அரசாங்கம் முதன் முதலாகக் கொண்டாடியது. பிறகு 1994, 2007, 2014 என்று அந்தக் கொண்டாட்டம் திரும்பத் திரும்ப வந்தது. 2020-ல் நடக்க வேண்டியது கோவிட் நோயினால் நின்று போயிற்று. அதன்பின் 2026-ம் ஆண்டு குறிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் மந்திரிகள் பேசினார்கள். விமான நிலையத்தில் மாலைகள் விழுந்தன. எத்தனை லட்சம் பேர் வருவார்கள், எத்தனை கோடி வெள்ளி செலவு செய்வார்கள் என்று கணக்குச் சொல்லப்பட்டது. வருகிறவர்கள் நடக்கும் சாலையைக் கூட்டுவது யார், அவர்கள் தங்கும் விடுதியை எங்கே கட்டலாம் என்று அனுமதி கொடுப்பது யார், விடுதி மேட்டிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் யார் வாசலில் போய் நிற்கும் என்பதைப் பற்றி மட்டும் மேடையில் பேச்சு எழுவதில்லை.

அவையெல்லாம் ஊராட்சி மன்றத்தின் வேலை. அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சுற்றுப்பயணத் துறை கூட்டரசின் பட்டியலில் இருக்கிறது. ஊராட்சி மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் இருப்பவர்கள் கொள்கை வகுக்கிறார்கள். மாநில அரசாங்கம் நிலத்தைக் கொடுக்கிறது. கடைசியில் கட்டட அனுமதி, கடை உரிமம், சாலை விளக்கு, சாக்கடை, அங்காடி என்று கையால் செய்ய வேண்டியது எல்லாம் மாவட்ட மன்றத்தின் தலையிலும் நகராண்மைக் கழகத்தின் தலையிலும் வந்து விழுகிறது. கொள்கை நல்லதா கெட்டதா என்பது அமைச்சின் புத்தகத்தில் தெரியாது. மன்றத்துக் குமாஸ்தா கோப்பைத் திறக்கும் மேசையில்தான் தெரியும்.

இது தொழிற்சங்கப் பத்திரிகை எழுத வேண்டிய விஷயமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். கூலியும் போனசும் பேசுகிற இடத்தில் உல்லாசப் பயணிக்கு என்ன வேலை என்பார்கள். நாம் சொல்கிறோம்: தோட்டத்தின் எல்லையில் குழிப்பந்து மைதானமும் தங்கும் விடுதியும் வரும்போது, அந்த எல்லைக்குள் லயத்தில் குடியிருப்பவன் யார்? பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் உல்லாசப் பூங்கா வருமானால் வீட்டை விட்டு இறங்க வேண்டியவன் யார்? அவனுடைய சங்கம் பேசாமல் வேறு யார் பேசுவார்கள்?

ஒரு பழைய சங்கதியை நினைவூட்டுவது நல்லது, ஏனென்றால் இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. இந்த நாட்டில் மக்கள் ஓட்டுப் போட்டு மன்றத்தைத் தேர்ந்தெடுத்த காலம் ஒன்று இருந்தது. நாட்டின் முதல் ஓட்டுப்பெட்டியே நகராண்மைக் கழகத்துக்காகத்தான் வைக்கப்பட்டது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் அது நடந்தது. 1957 ஜனவரியில் அந்த ஊர் மாநகரம் ஆனது; அதன் மேயராக அமர்ந்தவர்களில் ஒருவர் தொழிற் கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். தோட்டப் பாட்டாளியின் பாஷை தெரிந்த ஒருவர் மேயர் நாற்காலியில் இருந்தார் என்பது சிறிய சங்கதி அல்ல. 1965-ல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மன்றங்களின் நடப்பை விசாரிக்க செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. அது ஊர் ஊராக விசாரித்து, தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரை செய்தது. பரிந்துரை காகிதத்தில் தங்கிவிட்டது. 1976-ம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு வழியே இல்லாமல் கதவை அடைத்தது. இன்று மன்ற உறுப்பினரை நியமிப்பது மாநில அரசாங்கம். அவர் யாருக்குப் பதில் சொல்வார்? நியமித்தவருக்குத்தான் சொல்வார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. நம்மை அந்த இடத்தில் வைத்தால் நாமும் அப்படித்தான் இருப்போம்.

இந்த நிலையில்தான் உல்லாசப் பயண அபிவிருத்தி என்ற பெரிய பொறுப்பு மன்றங்களிடம் இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதற்கு இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது ஜார்ஜ் டவுன். மலாக்காவோடு சேர்ந்து 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அதன் பெயர் ஏறியது. அதில் நமக்கும் பெருமை உண்டு. அந்தத் துறைமுகத்தில் கால் வைத்துத்தான் நம் பாட்டனார் பலர் தோட்டங்களுக்குப் போனார்கள். பட்டியலில் பெயர் ஏறிய பின் நகராண்மைக் கழகம் பழைய கட்டடங்களின் முகப்பைக் கெடுக்க விடாமல் விதிகள் போட்டது. அங்காடித் தெருக்களைச் செப்பனிட்டது. 2014 முதல் விடுதி அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 2 அல்லது 3 வெள்ளி என்று உள்ளூர்க் கட்டணமும் வாங்கப்பட்டது. அந்தப் பணம் ஊரிலேயே தங்கியது. இவை நல்ல காரியங்கள் என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இதற்கு முன்னாலேயே ஒன்று நடந்துவிட்டது. 1966-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்துச் செய்யப்பட்டு, 2000-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்தப் பாதுகாப்பு முற்றிலும் நீங்கியது. பல தலைமுறைகளாகக் கடைவீட்டு மாடியில் குடியிருந்த தட்டாரும் தையல்காரரும் சில்லறை வியாபாரியும் புது வாடகையைக் கேட்டுப் பெட்டியைக் கட்டினார்கள். அந்த மாடிகளில் பின்னர் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. பழைய சுவரைக் காக்க மன்றத்திடம் விதி இருந்தது. சுவருக்குள் வாழ்ந்தவனைக் காக்க அதனிடம் எதுவும் இருக்கவில்லை. பயணி படம் பிடித்துக்கொண்டு போகும் பழைய வாழ்க்கையை நடத்தியவர்கள் இப்போது வேறு பேட்டைகளில் அடுக்கு மாடி வீட்டில் இருக்கிறார்கள்.

இரண்டாவது கோல சிலாங்கூர். அங்கே கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டம் கூட்டமாக, ஒரே தாளத்தில் மின்னுகின்றன. இருட்டிய பிறகு துடுப்புப் படகில் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். சத்தமும் வெளிச்சமும் கூடாது. படகுத் துடுப்பைப் பிடிப்பவர்கள் அந்தக் கம்பத்து மக்கள். பெரிய கட்டடம் ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை. துறையும் படகும் மரமும் இருந்தால் போதும். மன்றம் தன் கையில் உள்ள அதிகாரத்தைக் கொண்டு கரையை மட்டும் காத்தால் போதும். கரையில் மரத்தை வெட்டினால் மின்மினி போய்விடும், மின்மினி போனால் துடுப்புக்கு வேலை இல்லை. இந்தக் கணக்கு ஆற்றோரத்து மக்களுக்குத் தெரியும். பணமும் வேலையும் உள்ளூரில் தங்குவதற்குக் காரணம் என்ன? கம்பத்து மக்களுக்குச் சொந்த நிலம் இருக்கிறது. அதனால் அவர்களை ஒதுக்கிவிட்டு அங்கே எதையும் நடத்துவது கடினம்.

அதே மாவட்டத்தில் புக்கிட் ரோத்தான் பக்கமும் பத்தாங் பெர்ஜுந்தை பக்கமும் தோட்டத்து லயங்களில் நம்மவர் வாழ்ந்தார்கள், இன்றும் சிலர் வாழ்கிறார்கள். அவர்களிடம் சொந்தம் என்று சொல்ல ஒரு கையகல நிலம் கிடையாது. வேற்றுமை அங்கேதான் ஆரம்பமாகிறது.

1995-ல் பகாங் மாநிலத்துத் தெமர்லோவில் தேசா முர்னி என்ற கம்பத்தில் வீட்டு விருந்தினர் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. பயணி குடும்பத்தோடு தங்குவார், சாப்பிடுவார், மரம் சீவுவதையும் பார்ப்பார், காசும் கொடுப்பார். நல்ல திட்டம். நாட்டில் பல கம்பங்கள் அதனால் பயன் அடைந்தன. தோட்டத்தில் இருப்பவன் அதில் சேர முடியுமா? அவன் குடியிருக்கும் வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மூன்று தலைமுறையாக மரம் சீவியவன் வீட்டில் விருந்தினர் தங்க முடியாது. மரம் சீவுவதை வேடிக்கை காட்ட மட்டும் அவன் தேவைப்படுகிறான்!

அடுத்தது அனுமதி விஷயம். கிராணி வேலையில் காகிதங்களைப் புரட்டிப் பழகியவர்கள் நாம். ஆகவே சட்டத்தின் சொற்களைச் சற்று நிதானமாகவே பார்ப்போம். 1976-ம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் இன்னும் வகுக்கப்படாத இடத்தில் ஒருவர் கட்டட அபிவிருத்திக்கு மனுச் செய்தால், அண்டை நிலத்துச் சொந்தக்காரர்களுக்கு மன்றம் நோட்டீசு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். சொந்தக்காரருக்கு என்றுதான் சட்டம் சொல்கிறது. குடியிருப்பவருக்கு என்று சொல்லவில்லை. தோட்டத்தின் சொந்தக்காரர் கம்பெனி. நோட்டீசு கம்பெனி அலுவலகத்துக்குப் போகிறது. நிலத்தை விற்பதே கம்பெனியாக இருந்தால் ஆட்சேபம் எங்கிருந்து வரும்? லயத்தில் இருக்கும் நூறு குடும்பத்துக்கு மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரிகிறது.

சாலையோரத்தில் கடை போட்டுப் பிழைக்கும் நம் பெண்கள் நிலையும் இப்படியே. ஊராட்சிச் சட்டத்தின் 107-வது பிரிவின்படி, மன்றம் கொடுத்த உரிமத்தை எப்போது வேண்டுமானாலும், காரணம் கூறாமலே, மன்றம் ரத்துச் செய்யலாம். நஷ்ட ஈடும் கிடையாது. பத்துமலையை எண்ணிப் பாருங்கள். உல்லாசப் பயணம் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே தோட்டத்து லாரிகளில் ஏறி, தைப்பூசத்துக்கு அங்கே போனவர்கள் நாம்தான். 2006-ல் 140 அடி முருகன் சிலை எழுந்தது; 2018-ல் 272 படிகளுக்கும் வண்ணம் பூசப்பட்டது; அதன்பின் உலகமே படம் பிடிக்க வருகிறது. கூட்டம் பெருகப் பெருகக் கடை, வண்டி நிறுத்தம், கழிவறை, குப்பை என்று மன்றத்தின் கையும் அங்கே பெரிதாகிறது. அத்தகைய இடங்களில் அழகுபடுத்தும் திட்டம் என்று ஒன்று வந்தால் முதலில் அகற்றப்படுவது பெரிய கடையா, பூமாலையும் இளநீரும் விற்கும் பெட்டிக்கடையா என்பதை வாசகர்களே அறிவார்கள்.

வேலை கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் விடுதிகளில் அறை சுத்தம் செய்கிறார்கள், காவல் நிற்கிறார்கள், சமையற்கட்டில் நிற்கிறார்கள். விடுதித் தொழிலாளர் சங்கம் நீண்ட காலம் போராடியது எதற்காக என்றால், விருந்தினர் கொடுக்கும் சேவைக் கட்டணம் தொழிலாளிக்கே சேர வேண்டும் என்பதற்காக. குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது சில முதலாளிகள் அந்தக் கட்டணத்தையே எடுத்துச் சம்பளத்தை நிரப்பிக் காட்டப் பார்த்தார்கள். 2021-ல் கூட்டரசு நீதிமன்றம் அது கூடாது என்று தீர்ப்பளித்தது. சங்கம் இருந்ததால் அந்த வழக்கு அங்கே வரை போயிற்று. குத்தகைக்காரரிடம் நாள் கூலிக்கு நிற்கும் பிள்ளைக்கு எந்தச் சங்கம் இருக்கிறது? விடுதிக்கு அனுமதி கொடுக்கும் மன்றம், எத்தனை வாகனம் நிறுத்த இடம் என்று கேட்கிறது; எத்தனை உள்ளூர்த் தொழிலாளிக்கு நேரடி வேலை என்று கேட்பதை நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

பணத்தின் வழியும் கவனிக்கத்தக்கது. 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணியிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுப்பயண வரி வாங்கும் ஏற்பாடு வந்தது. அது கூட்டரசின் கஜானாவுக்குப் போகிறது. பாதியை மாநிலங்களுக்குத் தருவதாக 2019-ம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். மாநிலத்திலிருந்து மன்றத்துக்கு எவ்வளவு இறங்கும் என்பது மாநிலத்தின் மனத்தைப் பொறுத்தது. ஆகவே பயணி போட்ட குப்பையை அள்ளும் செலவைப் பல மன்றங்கள் உள்ளூர் மக்களின் மதிப்பீட்டு வரியிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மன்றங்களுக்கும் இதில் குறை இருக்கிறது. அந்தக் குறையை நியாயம் என்றே கருதுகிறோம்.

நமது கோரிக்கை மூன்று சொற்களில் அடங்காது என்றாலும் சுருக்கமாகவே சொல்கிறோம். அண்டை நிலத்து அபிவிருத்தி பற்றிய நோட்டீசு, சொந்தக்காரருக்கு மட்டும் அல்லாமல் லயத்தில் குடியிருப்போருக்கும் வர வேண்டும். தோட்ட நிலம் உல்லாசப் பயண நிலமாக மாற மனு வந்தால், குடியிருப்போருக்கு மாற்று வீடு உறுதியான பின்பே அனுமதி என்று மன்றம் நிபந்தனை போட வேண்டும். ஆதி நாகப்பன் கமிஷன் சொன்ன தேர்தல் திரும்ப வேண்டும். கடைசியாகச் சொன்னது நாளைக்கே வரப்போவதில்லை என்று நமக்குத் தெரியும்.

ஆனால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உள்ளூர்த் திட்டத்தின் நகலை மன்றம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, குறைந்தது நான்கு வார அவகாசம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வேளையில் நிலத்துச் சொந்தக்காரர்தான் பேச வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. யாரும் ஆட்சேபம் எழுதலாம், நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்கவும் செய்யலாம். மன்றக் கூட்டங்களும் பொதுமக்களுக்குத் திறந்தவை. மூடிய கூட்டம் வேண்டுமானால் மன்றம் அதற்குத் தீர்மானம் செய்ய வேண்டும். ஆகவே கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் தோட்டம் எந்த மன்றத்தின் எல்லைக்குள் வருகிறது, அங்கே உள்ளூர்த் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது, அதில் தோட்டத்து நிலத்துக்கு என்ன நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்று மன்ற அலுவலகத்தில் கேட்டு எழுதி வாருங்கள். மனு எழுதக் கிராணிமார்கள் உதவட்டும். மனுவில் கையெழுத்து வாங்கும்போது பெரட்டுக் களத்தில் வாங்காமல், வேலை முடிந்து லயத்துக்குப் போய், வீட்டுப் பெண்களிடமும் வாங்குங்கள். மனுவின் ஒரு நகல் தலைமைச் செயலகத்துக்கும் வரட்டும்.