முகம் ரெவோ, புக் 2007

 

கொஞ்சம் நீளமான பதிவு. கெப் வாங்க யோசித்துக் கொண்டிருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

போன மாதம் பாடசாலை விட்டு வெளியே வரும்போது கேட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளை டபள் கெப் நின்றது. பக்கத்தில் சிரித்துக்கொண்டு என்னுடைய பழைய மாணவன். நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. ஏழு வருஷம் கட்டாரில் சாரதி வேலை செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். "சேர், ரெவோ ஒண்ணு பேசியிருக்கேன். ஓட்டிப் பாக்கக் குடுத்தாங்க. நீங்க ஒருக்கா ஏறிப் பாருங்க" என்றான். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. அதில் அவனுடைய சல்லியோடு அம்மாவின் ஈ.பி.எப். காசும் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்த காசு. மீதிக்கு லீசிங்.

ஏறினேன். ஏறினதுமே மனசு சரியில்லாமல் போய்விட்டது. கியர் தடிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் தடி இருந்தது. ஃபோர் வீல் போடுகிற தடி. ரெவோவில் அந்த வேலைக்கு டேஷ்போர்டில் திருகுகிற குமிழ்தான் இருக்கும். தடி இருப்பது அதற்கு முந்திய விகோவில்.

"புக் பாத்தியா மகன்?" என்று கேட்டேன். "லீசிங் கம்பனிக்கு நேரா அனுப்பிட்டாங்க சேர்" என்றான். அவனுடைய முகத்தைப் பார்த்ததும் அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. "எதுக்கும் வருஷத்தைக் கேட்டுப் பார்" என்று மட்டும் சொல்லி இறங்கினேன். அன்றே உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் பிழை.

நாலாம் நாள் லீசிங் கம்பனியின் மதிப்பீடு வந்தது. தயாரிப்பு ஆண்டு 2007. தருவதாகச் சொன்ன லீசிங்கில் பெரிய துண்டு விழுந்தது. அந்த இடைவெளியை நிரப்ப அவனிடம் எதுவும் இல்லை. விற்றவரிடம் போனால், "நான் ரெவோ முகம் என்றுதானே சொன்னேன், வருஷம் கேட்டீங்களா?" என்றாராம். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் அதுவே பெரிய காரியம் என்கிறார்கள்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம், இப்படிக் கேள்விப்படுவது இது மூன்றாவது தடவை. மூன்று பேருமே வண்டியை முன்னால் இருந்துதான் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் வாப்பா ஹட்டனில் சில்லறைக் கடை வைத்திருந்தார். தோட்டங்களுக்குச் சாமான் போட ஒரு ஹைலக்ஸ் இருந்தது. எல்.என். 106 என்று இன்னும் பேர் சொல்லித் தேடுகிறார்களே, அந்தச் சதுர முகத்து வண்டி. 1988 இல் வந்து 1997 வரை ஓடிய தலைமுறை. கடை வாசலில் நின்றபடி வாப்பா போகிற வண்டிகளுக்கு வருஷம் சொல்வார். கிரில்லில் ‘டொயோட்டா’ என்று எழுத்து மட்டும் இருந்தால் முந்தியது, மூன்று நீள்வட்டச் சின்னம் இருந்தால் பிந்தியது. அந்தச் சின்னத்தை டொயோட்டா அறிமுகம் செய்ததே 1989 ஒக்டோபரில்தான். ஆனால் அதை மட்டும் வைத்து அவர் முடிவு சொல்லமாட்டார். குனிந்து முன் சில்லுக்கு அடியில் பார்ப்பார். முன்னுக்கும் கம்பிப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) போட்டிருந்தால் பழைய தலைமுறை. 1997க்குப் பிறகு வந்த ‘டைகர்’ வண்டிகளில் பெரும்பாலும் முன்னுக்கு டோர்ஷன் பார். "கிரில்லு நாலு ஸ்க்ரூவுல நிக்கிது, அத நம்பாதே" என்பார். இப்போது யோசித்தால், நான் இவ்வளவு நீளமாக எழுதுவதை அவர் அந்த ஒரு வரியில் முடித்திருக்கிறார். (இன்னொரு வேடிக்கை: 2021 இல் வந்த ஜி.ஆர். ஸ்போர்ட்டில் மறுபடியும் கிரில் நிறைய ‘டொயோட்டா’ என்ற எழுத்து. வாப்பா இருந்திருந்தால் குழம்பிப் போயிருப்பார்.)

இன்றைய சிக்கல் அந்தச் சதுர முகத்தில் இல்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு தலைமுறைகளில்தான். விகோ தாய்லாந்தில் 2004 இல் வந்தது. 2008 இல் முகத்தைக் கொஞ்சம் மாற்றினார்கள். 2011 இல் பொனட், மட்காட், லைட், பம்பர் எல்லாம் மாற்றி ‘சேம்ப்’ என்றார்கள். ஆனால் கெபினும் கதவும் அதே விகோதான். 2015 மே மாதம் ரெவோ வந்தது. இது முழுசாகப் புதிய உடம்பு. அதற்கும் 2017 கடைசியில் ஒரு முகம், 2020 இல் இன்னொரு முகம். எண்ணிப் பாருங்கள், பதினாறு வருஷத்தில் ஆறு முகம். இந்த முகங்கள் பெட்டியில் அடைத்துச் செட்டாக விற்கப்படுகின்றன. நல்ல டிங்கர் பாஸ் ஒருவர் கையில் கொடுத்தால் 2007 விகோ சில நாட்களில் 2020 ரெவோவாக வெளியே வரும். முன்னால் நின்று பார்த்தால் ஷோரூம் வண்டி.

ஆகவே முன்னால் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். முகம் மாற்றுகிறவர்கள் கதவை மாற்றுவதில்லை, கூரையை மாற்றுவதில்லை, முன் கண்ணாடியின் சரிவை மாற்றுவதில்லை. சாமான் ஏற்றும் பின்பெட்டியையும் அனேகமாக மாற்றுவதில்லை. உண்மையான ரெவோ ஒன்றின் பக்கவாட்டுப் படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு கதவின் மடிப்பையும் ஜன்னல் கோட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன் மட்காட்டில் ஓடி வருகிற கோடு கதவுக்கு வந்ததும் காணாமல் போனால் அது இரவல் முகம். பிறகு உள்ளே ஏறுங்கள். டேஷ்போர்ட், ஸ்டீயரிங், மீட்டர், நான் சொன்ன அந்தச் சின்னத் தடி. உள்ளே மாற்றுவதற்கு செலவு அதிகம், அதனால் பொய் அங்கே போய்ச் சேர்வதில்லை. சீட் பெல்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். அடியில் தைத்திருக்கிற சின்ன லேபிளில் பல வண்டிகளில் தயாரித்த திகதி இருக்கும். அதை மாற்ற யாருக்கும் ஞாபகம் வராது.

மிட்சுபிஷி எல்200 தேடுகிறவர்களுக்கு வேலை சுலபம். 2005 இல் வந்த வண்டியில் கெபினின் பின்பக்கம் ஜே எழுத்துப் போல வளைந்து இறங்கும். அந்த வளைவை எந்தப் பம்பராலும் மறைக்க முடியாது.

அடுத்தது புக். பலர் அதில் முதல் பதிவுத் திகதியைப் பார்த்துவிட்டு அதுதான் வருஷம் என்று நினைக்கிறார்கள். அது வண்டி இலங்கையில் பதிவான நாள். தயாரிப்பு ஆண்டு வேறு வரியில் இருக்கும். பாவித்து வந்த வண்டி என்றால் இரண்டுக்கும் இடையில் பல வருஷம் இருக்கலாம். நம்பர் தகடும் அப்படித்தான். இரண்டு ஆங்கில எழுத்துத் தகடு 2000 ஆம் ஆண்டில் தொடங்கியது. தகடு சொல்வது பதிவை, பிறப்பை அல்ல.

புக்கில் எஞ்சின் கொள்ளளவும் இருக்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் கையில் இருக்கிற நல்ல சாட்சி. விகோ டீசல் என்றால் 2494 அல்லது 2982. ரெவோவுக்கென்று வந்த புது டீசல் 2393 அல்லது 2755. முகம் ரெவோவாகவும் இலக்கம் 2982 ஆகவும் இருந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இருக்கிறது. சில நாடுகளுக்குப் போன ரெவோவில் பழைய எஞ்சினையே போட்டார்கள் என்பதால், இதை மட்டும் வைத்து ஒருவரைக் கள்ளன் என்று சொல்லிவிடக் கூடாது. சேசி நம்பரையும் சேர்த்துப் பாருங்கள். யூடியூபில் பத்தாவது எழுத்து வருஷத்தைக் காட்டும் என்கிறார்களே, அது அமெரிக்கச் சந்தைக்கான விதி. ஜப்பான் உள்நாட்டு வண்டியில் மொடல் குறியும் தொடர் இலக்கமும்தான் இருக்கும், வருஷம் இருக்காது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு ஒப்பிடுவதுதான் சரியான வழி.

சரி, முகம் மாற்றுவது குற்றமா? என் அபிப்பிராயத்தில் இல்லை. சொந்த வண்டியை அழகுபடுத்த ஆசைப்படுகிறவர் செய்து கொள்ளட்டும். விபத்தில் முன்பக்கம் நொறுங்கியவர், மாற்றுவதுதான் மாற்றுகிறோம் என்று புது முகத்தைப் போட்டால் அதிலும் பிழை சொல்ல மாட்டேன். விற்கும்போது சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை. "கேட்கவில்லையே" என்பது பதில் இல்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டுபிடித்த சம்பவத்தைச் சின்ன வயதிலேயே மத்ரஸாவில் படித்தவர்கள் நாங்கள். அந்த வியாபாரியிடமும் யாரும் கேட்டிருக்கவில்லை. ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே பாடம். வாகன வியாபாரத்தில் எங்கள் ஆட்கள் கணிசமாக இருக்கிறார்கள், அதனால் இதை முதலில் எங்களுக்குத்தான் சொல்கிறேன். விளம்பரத்தில் ‘2007 விகோ, ரெவோ முகம்’ என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? விலை குறையும். குறைய வேண்டிய விலைதானே அது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருஷத்தில் பழைய வண்டிகள் தங்கம் மாதிரி ஆகிவிட்டன. திறந்த பிறகும் வரியைச் சேர்த்தால் புதிய டபள் கெப் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஆகவே இருக்கிற பழசுக்குள்தான் தேட வேண்டும். ஆனால் பழசு வாங்குகிறோம் என்று ஊருக்குத் தெரிவதில் நமக்கு ஒரு கூச்சம். லயத்துக்கு முன்னால் நிற்கிற வண்டி புதுசாகத் தெரிய வேண்டும். நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்கு லீக்ஸும் கரட்டும் ஏற்றுகிற வண்டிக்கு எல்.ஈ.டி. லைட் எதற்கு? மூட்டைக்கு முகம் தெரியாது. இந்த மலையில் வண்டியைக் கொல்வது மழையும், பசளை மூட்டையும், குழி விழுந்த தோட்டத்து ரோட்டும்தான். அதற்குப் பார்க்க வேண்டியது சேசியின் துருவை. நேர்மையாக ஓடிய 2007 விகோ ஒன்று, 2007 விலைக்கு, நல்ல வண்டி. என் மாணவனுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும். அவனிடம் அதை யாரும் அப்படி விற்கவில்லை.

அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். அட்வான்ஸில் போன பாதியை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். "லீசிங் லேட்டாகுது" என்று சொல்லி வைத்திருக்கிறான். அந்த அம்மா போன வாரம் டவுனில் என்னைக் கண்டு, "வண்டி எப்ப சேர் வரும்?" என்று கேட்டார். மழுப்பிவிட்டு வந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கம்பளையில் ஒரு வண்டி பார்க்கப் போகிறோம். நானும் டோர்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு கூடப் போகிறேன். 2011 சேம்ப் என்கிறார்கள். வருமுன் புக்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். பக்கவாட்டில் இருந்தும் ஒரு படம் கேட்டோம். முன்பக்கப் படம் மட்டும் நாலு வந்திருக்கிறது.