முகப்பூச்சும் நகவெட்டியும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் வந்ததும் வீட்டில் எழும் முதற் கேள்வி, "என்ன உடுத்துக்கொண்டு போவது?" என்பதாகும். அதைத் தொடர்ந்து, "முகம் கொஞ்சம் வெளுத்தால் நல்லது" என்று ஓர் ஆலோசனையும் வரும். அந்தக் கேள்வி அவசியமானது. அந்த ஆலோசனை தவறானது என்பதே என் கருத்து.

தாதியின் தோற்றம் கவனிக்கப்படுவதற்குக் காரணம் அழகு அல்ல, நோயாளியின் பாதுகாப்பு. 1847 இல் வியன்னா வைத்தியசாலையில் செமல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவ விடுதிக்குள் நுழைவோர் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என்று விதித்தார். பிரசவக் காய்ச்சலால் இறக்கும் தாய்மாரின் தொகை வெகுவாகக் குறைந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2009 இல் வெளியிட்ட கைச்சுகாதார வழிகாட்டி, நோயாளியை நேரடியாகப் பராமரிப்போர் செயற்கை நகம் அணியலாகாது, இயற்கை நகத்தின் நுனியும் அரை சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. மோதிரத்துக்கு அடியில் கிருமி தங்குவதால் அதையும் தவிர்க்கச் சொல்கிறது.

ஆகவே நேர்முகத்துக்குப் போகும் சகோதரிக்கு முதலில் தேவைப்படுவது நகவெட்டி. வளையலும் மோதிரமும் வீட்டில் இருக்கட்டும். சுத்தமாகத் துவைத்து அழுத்திய ஆடை, ஓசை எழுப்பாத சப்பாத்து என்பன போதும். கடும் வாசனையுள்ள அத்தர் வேண்டாம். குமட்டலோடு படுத்திருக்கும் நோயாளிக்கு அது துன்பம்.

இவற்றில் எதுவும் நமக்குப் புதிதல்ல. வுழூவின்போது நீர் படாமல் தடுக்கும் என்பதற்காகவே நகப்பூச்சைத் தவிர்ப்பவர்கள் நாம். நகத்தை நாற்பது நாளுக்கு மேல் வளரவிடக் கூடாது என்பது நபிவழி. மதீனாவில் கூடாரமிட்டுக் காயமுற்றோரைப் பராமரித்த ருபைதா (ரழி) அவர்களின் வரலாறும் நமக்குரியது.

முகத்தை வெளுக்கச் செய்யும் கிறீம்களின் கதை வேறு. அவற்றில் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனமே எச்சரிக்கிறது. பிறரின் நோயைப் பராமரிக்கப் போகிறவள் அதற்காகத் தன் உடலைக் கெடுத்துக்கொள்வது எந்த வகையில் நியாயம்?

ஹிஜாபை நினைத்துத் தயங்குவோரும் உண்டு. முனைகள் தொங்காமல் உள்ளே செருகி, எளிய நிறத்தில் அணிந்தால் அது காயத்திலோ உபகரணத்திலோ படாது. சட்டைக் கை பற்றிய கேள்வி நியாயமானது. முழங்கைவரை கழுவ வேண்டிய வேலை இது. இங்கிலாந்தின் சுகாதாரத் திணைக்களம் இதே பிரச்சினையைச் சந்தித்தபோது, முழங்கையை மறைக்க விரும்பும் ஊழியர் ஒருமுறை பாவித்து வீசும் மேலுறைக் கைகளை அணியலாம் என 2010 இல் வழிகாட்டியது. பேசினால் வழி பிறக்கும் என்பதற்கு இது சான்று. சீருடை விதி என்ன என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டறிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி கேட்கும் மேசைக்கும் ஒரு கடமை உண்டு. சுத்தத்தைப் பாருங்கள், நிறத்தையும் தலைத்துணியையும் வைத்துத் தகுதியை அளக்காதீர்கள். பிரசவ விடுதியில் தன் மொழி பேசும், தன் கூச்சம் புரிந்த ஒரு தாதியைத் தேடும் தாய்மார் நம் ஊர்களில் ஏராளம். அந்தத் தாய்மாருக்காகவாவது நம் பிள்ளைகள் அந்த மேசைக்கு முன் போய் உட்கார வேண்டும்.

அடுத்த தொகுதி மாணவிகள் விண்ணப்பிக்குமுன் நம் கல்லூரியில் ஒரு மாதிரி நேர்முகப் பரீட்சை நடத்தப்பட வேண்டும். நம் பழைய மாணவிகளில் தாதியராகப் பணிபுரிவோரையே கேள்வி கேட்க அழைக்கலாம். நகம் முதல் நாவு வரை எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?