இறங்கச் சொன்ன தெருவில் ஓர் அம்பாசிடர்



ஓய்வுபெற்ற பெரியவர்கள் பழைய கார்களைப் பற்றியும், மனைவியோடு போன நெடும்பயணங்களைப் பற்றியும் பேசத் தொடங்கினால் நம் இளைஞர்கள் மெல்ல எழுந்து போய்விடுகிறார்கள். பென்ஷன் வாங்குகிறவர்களின் பொழுதுபோக்கு என்று சிரிக்கிறார்கள். நாங்களும் அப்படிச் சிரித்தவர்கள்தான். தருமபுரி மாவட்டத்தின் ஒரு காலனியில், ஓர் அய்யாவின் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து எழுந்தபோது அந்தச் சிரிப்பு எங்களிடம் இல்லை.

அய்யா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கொடுத்து, ஓடாமல் கிடந்த பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கினார். இன்ஜினை இறக்கி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஆறு மாதத்தில் தன் கையாலேயே ஓட வைத்தார். அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. உதிரிபாகத்துக்குப் பழைய இரும்புக் கடைகளில் அலைகிறார். புது வண்டி வாங்கிக்கொள்ளச் சொன்ன மகன்களின் பேச்சை அவர் கேட்கவில்லை. அதற்குக் காரணம் 1976.

அந்த ஆண்டு அவருக்குத் திருமணம். அம்பாசிடர் என்றால் கலெக்டர் வண்டி, மந்திரி வண்டி என்றிருந்த காலம். கடன் வாங்கி அதை வாடகைக்கு எடுத்தார்கள். காலனிக்குப் போக ஊர்த் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். தெருமுனையில் வண்டியை மறித்தார்கள். மணமக்களை இறங்கச் சொன்னார்கள். தெரு வழியாக நடக்கவும் விடவில்லை. ஏரிக்கரையைச் சுற்றிப் போகச் சொன்னார்கள். முந்தின நாள் மழை. "மாமியார் வீட்டுக்கு நான் மொதமொதல்ல கொண்டு வந்தது சேலை நிறைய சேறுதான்" என்றார் அம்மா.

தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் 1955 முதலே இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் அதே ஊர்க்காரர்களின் வயலில்தான் அய்யாவின் அப்பா கூலிக்கு நிற்க வேண்டும். யார் போய்ப் புகார் கொடுப்பது?

இந்த இடத்தைச் சட்டம் படிக்கும் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டது. திருமண ஊர்வலம் போவதைத் தடுப்பதும், ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பதும், பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்பு அணிவதையும் புத்தாடை உடுத்துவதையும் தடுப்பதும் குற்றம் என்று அதில் வெளிப்படையாக எழுதப்பட்டது. 26 ஜனவரி 2016 முதல் அது நடைமுறைக்கு வந்தது. குடியரசு ஆகி 66 ஆண்டுகள் கழித்தும் இதை எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நம் தெருக்களின் நிலையைப் புரிந்துகொள்ளலாம்.

அதே 2016இல் அய்யாவுக்கும் அம்மாவுக்கும் நாற்பதாவது மணநாள். அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்தார். அதே தெருவில் வண்டி நுழைந்தது. யாரும் மறிக்கவில்லை. ஒரு பையன் ஓடி வந்து பழைய காரோடு செல்பி எடுத்துக்கொண்டான். அய்யா பதற்றத்தில் வேகமெடுத்தாராம். அம்மா சொன்னது: "மெதுவா ஓட்டுங்க. இதுக்குத்தானே காத்திருந்தோம்."

அடுத்த பயணம் நாக்பூருக்கு. கன்னியாகுமரியில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தருமபுரி, பெங்களூரு, ஐதராபாத் வழியாக நாக்பூரைத் தொட்டுத்தான் வடக்கே போகிறது. சுமார் 1,200 கிலோமீட்டர். புளிச்சோறு, வறுத்த கடலை, இரண்டு குடம் தண்ணீர் எல்லாம் வண்டியில் ஏறின. வழியெங்கும் ஓட்டல் இருக்கும்போது எதற்கு இத்தனை கட்டுச்சோறு என்று சிக்கனத்தைக் கேலி செய்வது போல நாங்கள் கேட்டோம். அய்யா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கப்பா வெளியூர்ல ஒருநாளும் கடையில சாப்பிட்டதில்ல. தனி டம்ளரக் காட்டுவான்னு பயம். அந்தப் பழக்கம் போகல" என்றார்.

அண்ணல் அம்பேத்கரும் இதை அனுபவித்தார். 1934இல் சுமார் முப்பது தோழர்களோடு எல்லோரா குகைகளைப் பார்க்கப் பேருந்தில் சுற்றுலா புறப்பட்டார். வழியில் தௌலதாபாத் கோட்டை வாசலில் இருந்த குளத்தில் முகம் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடியது. தண்ணீரைத் தொடாதபடி கண்காணிக்க ஆயுதம் தாங்கிய ஒருவரைக் கூட அனுப்பிய பிறகுதான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் பெற்று வந்தவருக்கே இந்த நிலை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவர் இதை எழுதி வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

கடல் தாண்டியும் இதே கதைதான். அமெரிக்கர்கள் பழைய கார்களையும் நெடுஞ்சாலைப் பயணங்களையும் பொற்காலமாகப் போற்றுகிறார்கள். அதே சாலைகளில் கறுப்பினக் குடும்பங்கள் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் போயின. நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் கிரீன், எந்த ஊரில் எந்த விடுதி தங்க இடம் தரும், எந்தக் கடை சாப்பாடு தரும் என்று திரட்டி 1936 முதல் வழிகாட்டி நூல் வெளியிட்டார். அதுதான் 'கிரீன் புக்'. 1952இல் ஓய்வு பெற்ற பிறகும் வேலையைத் தொடர்ந்தார். 1960இல் அவர் இறந்ததும் மனைவி ஆல்மா அதை முன்னெடுத்தார். 1964இல் குடிசார் உரிமைகள் சட்டம் வந்த பிறகு சில ஆண்டுகளில் நூல் நின்றது. ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரின் வேலை இன்று வரலாற்று ஆவணம்.

மதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அய்யா நாக்பூரில் பௌத்தம் ஏற்றார். 1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் மதம் மாறிய மண்ணில் நின்று அழுததாகச் சொன்னார். அம்மா கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர், மாறவில்லை. "என்னைப் படிக்க வச்சது அந்தக் கோயில். கல்லறையில எங்களுக்குத் தனி வரிசை போட்டதும் அதே கோயில்தான். சண்டை போடுறதா இருந்தாலும் உள்ள இருந்து போடுறேன்" என்கிறார். ஞாயிறுதோறும் அம்மாவை ஆலயத்தில் இறக்கிவிடுவது அய்யாதான். நாக்பூர் வழியெல்லாம் வரைபடம் பார்த்துச் சொன்னது அம்மாதான்.

ஆனால் அரசின் காகிதம் இவர்களைப் பிரிக்கிறது. பௌத்தர்களை 1990இல் பட்டியல் சாதியில் சேர்த்தார்கள். தலித் கிறித்தவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அம்மாவின் சான்றிதழ் பிற்படுத்தப்பட்டோர் என்கிறது. 1976இல் ஒரே வண்டியிலிருந்து இறக்கப்பட்ட இருவரில் ஒருவருக்குத்தான் இன்று வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு. ஏரிக்கரைச் சேறு மதம் பார்த்தா ஒட்டியது?

இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் போய் உட்காருங்கள். திருமணத்தன்று எந்த வழியாகப் போனீர்கள், எந்த இடத்தில் இறங்கினீர்கள், வெளியூர் போனால் எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். அம்மாக்களிடம் தனியாகக் கேளுங்கள், அவர்களுக்கு வேறு கதை இருக்கும். ஆண்டும் இடமும் விடாமல் எழுதுங்கள். அவர்கள் சொன்னால்தான் பெயர்களை வெளியிடுங்கள், அதே ஊரில் அவர்கள் இன்னும் வாழ வேண்டியிருக்கிறது.

அய்யாவுக்கு இப்போது கண் மங்குகிறது, இரவில் வண்டி ஓட்டுவதில்லை. தாமதிக்க நமக்கு நேரமில்லை.

ஜெய்பீம்.