ரசீதில் யார் பெயர்?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து ரசீதுப் புத்தகத்தோடு ஓர் இளைஞர் வந்தார். கதவைத் திறந்தது நான். அவர் சொன்னதையெல்லாம் நின்று கேட்டது நான். உள்ளே போய், துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் பர்ஸிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து வந்து கொடுத்ததும் நான்தான். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே அவர் கேட்டார்: "ஸார் பேர் என்னங்க மேடம்?"

நானும் சொன்னேன், பாருங்கள்! துளிகூட யோசிக்கவில்லை. வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, அந்த இளைஞர் இனிஷியலைத் தப்பாக எழுதியபோது திருத்தவும் செய்தேன். சாயங்காலம் மேஜைமேல் கிடந்த ரசீதைப் பார்த்துவிட்டு என் கணவர், "இது எப்ப நான் கொடுத்தேன்?" என்றார். அப்போதுதான் உறைத்தது.

உங்கள் வீட்டில் எப்படி? நோட்டீஸில், கல்வெட்டில், கோயில் டியூப்லைட்டில் யார் பெயர் இருக்கிறது? பணம் யார் கையிலிருந்து போனது?

தர்மம் என்றாலே பெரிய மனிதர்கள் செக்கை நீட்டுவதுபோல ஒரு போட்டோதான் நமக்குள் பதிந்திருக்கிறது. ஆனால் நம் தெருவில் நடப்பது வேறு. வேலை செய்யும் அக்காவின் பெண்ணுக்கு ஜூன் மாதம் ஸ்கூல் பீஸ், எதிர் வீட்டுத் தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஆட்டோவுக்கும் மாத்திரைக்கும் கொடுத்தது, பிரசவித்த பெண்ணுக்கு மூன்று வேளை பத்தியச் சாப்பாடு. இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. பெரும்பாலும் சிறுவாட்டிலிருந்து போயிருக்கும். 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றதும், எத்தனை வீடுகளில் அரிசிப் பானையும் பழைய ஹேண்ட்பேக்கும் உண்மையைக் கக்கின, ஞாபகம் இருக்கிறதா? "இவ்வளவு வச்சிருந்தியா!" என்று வீடே சிரித்தது. அதில் எவ்வளவு ஏற்கெனவே பிறத்தியாருக்குப் போய்விட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் பாட்டி வீட்டு அடுப்படியில் அரிசிக் குதிருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண் கலயம் இருக்கும். பாட்டி உழக்கால் அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவாள். கொட்டிய பிறகு அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தக் கலயத்தில் போடுவாள். "முதல்லயே எடுத்து வச்சுட்டா என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன். "குதிர்ல இருந்து எடுத்தா அது மிச்சத்துல எடுத்தது. அளந்தப்புறம் எடுத்தாத்தான் நம்ம பங்குல இருந்து எடுத்தது" என்றாள். மாதக் கடைசியில் அந்தக் கலயம் முந்தானைக்குள் மறைந்து, தெருக்கோடியில் தனியாக இருந்த ஓர் அம்மாள் வீட்டுக்குப் போகும். தாத்தாவுக்கு இது தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிடி அரிசி நம் ஊரில் பல வீடுகளில் இருந்த வழக்கம்தான். காஞ்சிப் பெரியவரும் இதை ஒரு திட்டமாகவே பரப்பினார். ஆனால் இந்தப் பிடியை ஊரே சேர்ந்து பிடித்தால் என்ன ஆகும் என்பதை மிசோரத்தில் பார்க்கலாம். அங்கே பிரஸ்பிட்டேரியன் திருச்சபையைச் சேர்ந்த குடும்பங்களில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். 'புஃபாய் தாம்' என்று அதற்குப் பெயர். பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சேகரிப்பார்கள். சேர்ந்த அரிசியை விற்று, வரும் பணத்தில் திருச்சபையின் பணிகள் நடக்கும். நூறு ஆண்டுக்கும் மேலாக நடக்கிறது. பணக்கார மாநிலமா அது? பசி என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்த மலைநாடு.

என் பாட்டியின் கலயத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பாட்டியின் கலயம் ஓர் அம்மாளின் பசியை ஆற்றியது. பாட்டியோடு அது முடிந்தும் போனது. ஊர் கூடிப் பிடித்த பிடியோ இன்னும் நிற்கிறது.

இன்னொன்று சொல்கிறேன், இது நம் சென்னையில். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி தெரியாத குடும்பம் தமிழ்நாட்டில் இருக்காது. சொந்தத்தில், பக்கத்து வீட்டில் யாராவது அந்த வாசலில் காத்திருந்திருப்பார்கள். அதன் பெயர்ப் பலகையைப் பார்த்திருக்கிறீர்களா? 'கேன்சர் இன்ஸ்டிடியூட்' என்பதை அடுத்து, அடைப்புக்குறிக்குள் 'டபிள்யூ.ஐ.ஏ.' என்று மூன்று எழுத்து. எத்தனையோ முறை அந்த வழியாகப் போயும், ஏதோ அரசாங்கக் குறியீடு என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன். 1917-ல் அதே அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம்!

அந்தச் சங்கத்தின் முன்வரிசையில் இருந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் மருத்துவப் பட்டம் வாங்கி, பிறகு சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போன முதல் பெண். அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். டாக்டரான அக்கா பக்கத்திலேயே இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு சாவு விழுந்திருக்கிறது? அழுது, பதினாறாம் நாள் முடித்து, படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் அதை ஊர்க்காரியமாக எடுத்துக்கொண்டார். 1949-ல் மாதர் சங்கத்தின் பெயரிலேயே புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று தொடங்கியது. 1952-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் வெறும் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் காலமாகும்வரை அதை விட்டுப் போகவே இல்லை.

எனக்கு இதில் பிடித்தது அந்த மூன்று எழுத்துதான். சங்கத்துப் பெண்கள் தங்கள் பெயரைப் பலகையில் எழுதிவைத்தார்கள். அடக்கம் என்ற பெயரில் அழித்துக்கொள்ளவில்லை. (அதை என்னைப்போல முக்கால்வாசிப் பேர் வாசிக்காமல் போனால் அவர்கள் என்ன செய்வார்கள்!)

'பெயருக்காகவா கொடுக்கிறோம்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாதுதான். ஆனால் அந்த நியாயம் ஏன் பெண்ணுக்கு மட்டும் வளைகிறது? பெயரே வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் பெயரும் வேண்டாம்தானே? சோழர் காலத்துக் கோயில்களில் ஓர் அணையா விளக்குக்கு 96 ஆடுகள் என்று எழுதிக் கொடுத்தவர்களில் அரசிகள் மட்டுமல்ல, வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் கல்லில் ஏறிய பெயர், இன்று கார்பன் தாளில் ஏற ஏன் தயங்க வேண்டும்?

வரிக்காகத்தான் வீட்டுக்காரர் பெயரில் ரசீது வாங்குகிறோம் என்று சிலர் சொல்வீர்கள். நியாயமான பேச்சு. நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை, வரி கட்டுகிறவருக்குத்தான் பயன்படும். ஆனால் அவர் புதிய வரி முறைக்கு மாறிவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாறியிருந்தால் அந்தச் சலுகையே கிடையாது. பழைய முறையிலேயே இருந்தாலும், இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. ஆக, பல வீடுகளில் அந்தச் சாக்கும் போய்விட்டது.

பெயரைவிடப் பெரிய விஷயம், எங்கே கொடுப்பது என்கிற முடிவு. இதில் நான் சூடு கண்டவள். இரண்டு வருஷம் முன்பு, வாட்ஸ்அப்பில் ஒரு குழந்தையின் படம், மூக்கில் குழாய், கீழே ஜிபே நம்பர். கண் கலங்கி மூவாயிரம் அனுப்பினேன். நாலு மாதம் கழித்து அதே படம் வேறு பெயரில், வேறு நம்பரோடு வந்தது. கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு, பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். அந்தப் பழமொழியில் பெண் கொடுக்கப்படுகிற சாமான், கொடுக்கிறவள் அல்ல. அதை மன்னித்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் வைத்துக்கொள்வோம்.

கத்தரிக்காயைக்கூடக் காம்பு பார்த்து வாங்குகிற நாம், கொடுக்கும்போது ஏன் பார்ப்பதில்லை? நேரில் போய்ப் பாருங்கள். அந்த இல்லத்தின் சமையலறைக்குள் எட்டிப் பாருங்கள். கணக்கு கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற இடத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு யோசனை. தீபாவளிச் சீட்டு பிடிக்காத தெரு உண்டா? பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டால் வருஷத்துக்கு இருபத்து நாலாயிரம். அந்த நோட்டில் இன்னொரு பக்கத்தைத் திருப்பி, தர்மச் சீட்டு என்று ஒன்று ஆரம்பித்தால் என்ன? ஒரு பிள்ளையின் டிப்ளமோ படிப்பை அது தாங்காதா? 1989-ல் தர்மபுரியில் முளைத்த மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. சேர்ந்து உட்கார்ந்து கணக்கு எழுத நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சீட்டுச் சேராமல் தனியாளாகக் கொடுத்தவரும் உண்டு. 2024 ஜனவரியில் மதுரை கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள், அரசுப் பள்ளிக்கு ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்த செய்தியை எல்லோரும் படித்திருப்போம். வங்கியில் வேலை பார்த்தவர். அவர் கேட்டது, இறந்துபோன மகளின் பெயரைப் பள்ளிக்கு வைக்க வேண்டும் என்பது மட்டும்தான். ஏழு கோடி மதிப்பு என்று எல்லோரும் வாயைப் பிளந்தோம். எனக்கு அந்தக் கோடியைவிடப் பத்திரத்தில் அவர் போட்ட கையெழுத்துதான் கண்ணில் நின்றது. சொத்து அவர் பெயரில் இருந்ததால்தானே அந்தக் கையெழுத்தைப் போட முடிந்தது? உங்கள் பெயரில் என்ன இருக்கிறது?

அந்த முதியோர் இல்லத்து இளைஞர் இந்த மாதமும் வந்தார். இதற்கிடையில் நான் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சாம்பார் கொஞ்சம் தண்ணீர், மற்றபடி குறை சொல்ல முடியாத இடம். ஐந்நூறைக் கொடுத்துவிட்டு, அவர் வாயைத் திறக்கும் முன்பே என் பெயரைச் சொன்னேன். எழுதினார். பிறகு நிமிர்ந்து, "இனிஷியல் மேடம்? அப்பாவோடதா, ஸாரோடதா?" என்றார்.

இதற்கு அடுத்த இதழில் தனியாக ஒரு பக்கம் வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்