தொழிலாளர் பாதுகாப்பும் வீண் பீதியும்

எண்ணூரில் கட்டப்பட்டுவந்த அனல் மின் நிலையத்தில் 2025 செப்டம்பர் 30ந் தேதி இரும்புச் சாரம் சரிந்து, வெளி மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் 9 பேர் மாண்டனர். மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் அனுதாபம் தெரிவித்து, நிவாரணத் தொகையும் அறிவித்தன. அது செய்யத்தக்கதே. ஆனால் மாண்டபின் ஓடிவரும் தர்மத்தைக் காட்டிலும், உயிரோடிருக்கையில் உரிமையாக நிற்கும் பாதுகாப்பே சுதந்திர நாட்டின் பிரஜைக்கு ஏற்றது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை உழைப்பவரில் எத்தனை பேருக்கு அப் பாதுகாப்பு உண்டு என்று கேட்க விரும்புகிறோம்.

நமது க்ஷேமச் சட்டங்கள் நிரந்தர ஊழியனை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948இலும், பிராவிடண்டு பண்டுச் சட்டம் 1952இலும் பிறந்தன. ஒரே ஆலை, ஒரே முதலாளி, முப்பது வருஷ ஊழியம் என்பதே அன்றைய எண்ணம். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்த 1950களில் அது பொருந்திற்று. இன்றோ, ஒரே வாயில்வழியே நுழையும் இருவரில் ஒருவன் கம்பெனியின் ஆள். மற்றவன் கண்டிராக்டரின் ஆள். கண்டிராக்டு முடிந்தால் இவனுடைய வேலையும் முடிகிறது. வேலையோடு ஒட்டிய வைத்தியமும் சேமிப்பும் அறுபடுகின்றன.

இந் நிலையில் இருவகை அச்சம் பரவுகிறது. அயலான் வந்து நம் கூலியைக் குறைக்கிறான் என்று உள்ளூரான் அஞ்சுகிறான். தன்னை அடித்து விரட்டுவார்களோ என்று வந்தவன் அஞ்சுகிறான். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவியபோது, வதந்தி எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதைக் கண்டோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவிகிதச் சுங்கவரி விதித்தபோது, வாஷிங்டனில் இடும் கையெழுத்து இங்குள்ள அடுப்பையும் அணைக்கும் என்பது விளங்கிற்று. கூலிக்காரனின் அச்சத்தைக் கண்டு, 'சட்டத்தைத் தளர்த்துங்கள், இன்றேல் மூலதனம் வேறு நாடு போய்விடும்' என்று முதலாளிகள் சொல்கின்றனர். 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் மசோதாவை 2023 ஏப்ரலில் நமது சட்டசபை நிறைவேற்றியது இவ் வகைப் பேச்சின் விளைவே. எதிர்ப்பு எழுந்ததால், சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது.

பரிகாரம் தேடி அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. துறைமுகத் தொழிலின் சரித்திரமே வழி காட்டுகிறது. ஒரு காலத்தில் கப்பல் கூலிகள் விடியற்காலையில் வாயிலில் கூடி, மேஸ்திரியின் விரல் தம்மைச் சுட்டுமா என்று காத்து நிற்பார்கள். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. 1948ஆம் வருஷத்துத் துறைமுகத் தொழிலாளர் சட்டம் இதற்கு முடிவு தேடிற்று. தொழிலாளியின் பெயர் ஒரு போர்டில் பதிவாயிற்று. வேலை முறைப்படி பங்கிடப்பட்டது. வேலையில்லா நாளில் ஆஜரானதற்கும் படி கிடைத்தது. சரக்கு ஏற்றி இறக்கிய கம்பெனிகள் இதற்குத் தீர்வை செலுத்தின. எஜமானர் மாறினாலும் உரிமை மாறவில்லை.

பெட்டகங்கள் வந்தபின் கைகளின் தேவை குறைந்தது. பெருந்துறைமுகங்களில் அச் சட்டத்தை விலக்க 1997இல் வழி செய்யப்பட்டது. 2001இல் சென்னைப் பெட்டக முனையம் தனியாரிடம் சென்றது. யந்திரம் வந்ததை நாம் குறைகூறவில்லை. பழைய போர்டில் ஆள்மிகுதியும் தேக்கமும் இருந்ததை மறைக்கவுமில்லை. ஆனால் ஏற்பாட்டோடு அதன் தத்துவத்தையும் கடலில் எறிந்தது பெரும் பிழை.

2025 நவம்பர் 21இல் அமுலுக்கு வந்த 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அத் தத்துவத்தின் நிழல் தெரிகிறது. செயலிகள் மூலம் வேலை வாங்கும் கம்பெனிகள் வருஷ வரவில் 1 முதல் 2 சதவிகிதம் வரை க்ஷேம நிதிக்குத் தரவேண்டும் என்பது நல்ல அம்சம். ஆயின், ஆட்குறைப்புக்குச் சர்க்கார் அனுமதி பெறவேண்டிய வரம்பு 100 ஆட்களிலிருந்து 300 ஆக உயர்ந்திருக்கிறது. வேலை பறிபோவதை எளிதாக்கும் சர்க்கார், பறிகொடுத்தவனைத் தாங்கும் கடமையை முன்னதாக ஏற்கவேண்டாமா?

நாம் கோருவன மூன்று. வடசென்னையில் உழைக்கும் ஒவ்வொருவனும், எம் மொழி பேசினும், ஒரே பதிவேட்டில் இடம்பெற வேண்டும். கண்டிராக்டர் மாறினாலும் வைத்தியமும் சேமிப்பும் அவனோடு செல்லவேண்டும். துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு பெட்டகத்தின்மீதும் சிறு தீர்வை விதித்து, வேலையிழந்தோரைத் தாங்கும் நிதி காணவேண்டும். கட்டடச் செலவில் 1 முதல் 2 சதவிகிதம் வரை க்ஷேம வரி வசூலிக்க 1996ஆம் வருஷத்துச் சட்டமே இடந்தந்தது. ஆகவே இது நூதன யோசனையன்று.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, அதில் சேர்ந்தவருக்குச் சட்டத்தின் துணை ஏதுமில்லை. பாதுகாப்பற்றோரைத் திரட்டிப் பிறந்த இயக்கம், இன்று பாதுகாப்புள்ளோரின் சங்கமாகக் குறுகலாகாது. அயலானின் கூலி உயர்ந்தாலன்றி உள்ளூரானின் கூலி நிலைக்காது. இதை ஆலை வாயில்தோறும், இருவருக்கும் விளங்கும் மொழியில், நமது ஊழியர்கள் எடுத்துச் சொல்வார்களாக.